வால் மட்டும் வேறு

அயோவாவின் அந்தப் பல்கலைக்கழகத்தில் டார்லா ஹௌகனின் பிழைப்பே வேர்நுனி நசுக்குவதுதான். கண்ணாடித் தகட்டில் நுனியை வைத்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, கட்டைவிரலால் ஓர் அழுத்து. செல் பிதுங்கிக் குரோமோசோம்கள் பிரிந்து கிடக்கும். முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை அதில் ஊற்றினால், ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும் ஒரு புரதம் சிவப்புப் பொட்டாக ஒளிரும். செல் இரண்டாகும்போது குரோமோசோமை இழுக்கும் பிடி அந்த இடுப்பில்தான்.

மக்காச்சோளத்திலிருந்து எடுத்த அந்தப் புரதத்தின் துண்டை முயலுக்கு ஊசி போட்டுத் தயாரித்த சீரம். மக்காச்சோளத்தில் பொட்டுகள் ஜொலித்தன. காட்டுக் கடுகில் ஒரே இருட்டு.

“எல்லாச் செடியிலயும் இருக்கிற புரதம் டார்லா. அது இல்லாம செடியே இல்ல,” என்றார் ஆய்வகத் தலைவர் வேட் கெம்ப். அவளைவிட வயதில் இளையவர்.

“சோளத்துல வருதே வேட்?”

“சோளத்தோடது குண்டு குரோமோசோம், யார் கைக்கும் வரும். கடுகோடது தூசி. உங்க கை கனத்துப் போச்சோ என்னவோ.”

அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. குளிர்காலம் முழுக்க நசுக்கினாள். பனிக்கட்டியில் ஊறவைத்தாள், கழுவும் உப்பைக் குறைத்தாள். இருட்டு விலகவில்லை. சாப்பிடும்போதுகூடக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, ரேகை பாக்கிறியா? கல்யாண யோகம் தெரியுதா?” என்று சீண்டினார் கண்ணாடிக்குடில் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் கஸ். அவள் சிரிக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றாள். நடைக்கூடத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து வைத்து, கேக் வெட்டி அனுப்பினார்கள். பிறகு தீவனக் கடையில் மூட்டைக்கு விலை ஒட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கஸ் வந்து இழுத்தார். “வேட் பேசறாராம். காபி ஓசி, வா.”

அரங்கின் திரையில் அவள் தயாரித்த தகடுகளின் படங்கள். அதே காட்டுக் கடுகு, அதே இருட்டு.

“இந்தப் புரதத்தோட உடம்பு எல்லாச் செடியிலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வால் மட்டும் இனத்துக்கு இனம் மாறிடுது. எங்க சீரம் சோளத்தோட வாலைப் பிடிக்குது. கடுகுல அந்த வாலே இல்ல. இந்த இருட்டுதான் அதுக்குச் சாட்சி,” என்றார் வேட். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

வாசலில் அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “டார்லா! உங்க தகடுதான். என்ன சுத்தம் பாத்தீங்களா!”

“வால் சமாசாரம் எப்போ தெரியும் உங்களுக்கு?”

“அந்தக் கோடையிலயே. ரெண்டு செடியோட புரத வரிசையையும் பக்கத்துல வெச்சுப் பாத்தப்போ.”

“நான் அப்போ இங்கதான இருந்தேன், வேட். ஒரு வார்த்தை சொல்லலியே.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்,” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. “அதுக்குள்ள நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. கேக்குக்கும் சொல்லியாச்சு.”