ஐந்தரை ரயிலின் செபம்

இன்று காலை விட்பியில் ரொறன்ரோ ரயில் ஏறினேன். எதிரில் இருந்த பிள்ளை உதடு மட்டும் அசைய எதையோ பாடமாக்கிக்கொண்டிருந்தாள். சோதனையாக இருக்கும். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டேன்.

என் மனைவி றெஜினாவும் இப்படித்தான். இருவருக்கும் ரொறன்ரோவில் வேலை. காலை ஐந்தரை ரயிலின் மேல்தட்டில் அருகருகே இருப்போம். அங்கே சத்தம் போடக் கூடாது என்பது சட்டம், என் குறட்டைக்கு மட்டும் விதிவிலக்கு. அவள் பிளாஸ்கைத் திறந்தால் இஞ்சித் தேத்தண்ணி வாசம் மேல்தட்டு முழுக்கப் பரவும். பிறகு செபப்புத்தகத்தை விரிப்பாள், உதடு அசையத் தொடங்கும். எனக்கும் சேர்த்துத்தான் செபிக்கிறாள் என்று நம்பி நான் நித்திரையாகிவிடுவேன். கத்தோலிக்கப் புருஷன்மாருக்கு இது ஒரு வசதி.

இஞ்சி என்றதும் மகள் வருகிறாள். வயிற்றுக்குத்து என்று பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்த நாட்களில் அந்தத் தேத்தண்ணியைத்தான் கேட்பாள். யப்பானுக்குப் படிப்பிக்கப் போனவள், கோயிலும் இல்லாமல் குருவும் இல்லாமல் அங்கேயே ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நான் அவளோடு கதையை நிறுத்தினேன். வீட்டில் அவள் பெயரே எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். பெரிய மனுசன்!

ஒருநாள் ரயிலில் றெஜினா மெதுவாகக் கேட்டாள்.

"ஒருக்கா போய்ப் பாத்திட்டு வருவமே?"

"முதல் அவள் வரட்டும்."

அவள் புத்தகத்தை விரித்தாள்.

மகள் வந்தாள், தாயின் அடக்கத்துக்கு. சவப்பெட்டிக்குள் வைக்கச் செபப்புத்தகத்தை எடுத்தபோது உள்ளேயிருந்து கடதாசித் துண்டுகள் விழுந்தன. எல்லாம் றெஜினாவின் எழுத்து. 'ஷிஹாட்சு: விடிய வாற முதல் ரெயின்.' 'நொரிகாயே: மாறி ஏறுறது.' ஒரு துண்டில் முழு வசனமே இருந்தது. 'முசுமே கா எகி தெ மத்தெ இமாஸ்: மகள் ஸ்டேஷனில பாத்துக்கொண்டு நிக்கிறா.'

"ரெண்டு வருசமா யப்பான் பாசை படிச்சவா, அப்பா," என்றாள் மகள். "நீ எயார்போட்டுக்கு அலைய வேண்டாம், விடிய வாற முதல் ரெயின்ல நானே அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு போனில எனக்குச் சொன்னவா. உங்கட மனம் மாறட்டும் எண்டுதான் இருந்தவா."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு வருடம், ஒவ்வொரு காலையும், என் தோளோடு தோளாக இருந்து எங்கள் இருவருக்குமான வழியை அவள் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மகள் இப்போதும் வரச்சொல்லித்தான் கூப்பிடுகிறாள். ஸ்டேஷனுக்கு வந்து நிற்பாளாம். என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை.