கடைசிக் கழனியைக் கேட்டு வாங்கிய ரெஜினா மேடம்

பெரிய பேத்தி நர்சிங் முடித்துப் புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அடுத்தவன் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். ஒரு பாடத்திலும் அரியர் கிடையாது. கடைக்குட்டி விழுப்புரத்தில் கபடிக் கோப்பை வாங்கி வந்திருக்கிறாள். ஐந்தாவதோடு நின்றுபோன நான் இதையெல்லாம் நம் தண்ணீர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிக்கொண்டிருந்த காலையில்தான், ரெஜினா மேடம் போய்விட்டார் என்ற செய்தி அதே குழுவில் வந்து விழுந்தது. எழுதியதை அழித்துவிட்டேன். என் பேரப்பிள்ளைகளின் பெருமையை நான் போடும்போதெல்லாம் தவறாமல் பதில் போட்டவர் அவர். "ரொம்ப சந்தோஷம்மா. அப்படியே குழாயையும் புதுசா ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க" என்று முடிப்பார்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் திண்டிவனத்திலிருந்து வந்த ஆராய்ச்சிக்கார அம்மா. குறைந்த தண்ணீரில் நெல் எடுப்பதை நம் கழனியிலேயே, நம்மோடு சேர்ந்தே செய்து பார்க்க வேண்டும் என்று கோலியனூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தார். எங்களுடையது மூன்று வீடுகள் முறைவைத்து இறைக்கும் பங்குக் கிணறு. எல்லோரும் தலைமடைக் கழனியைக் காட்டினார்கள். அவர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, "இந்தக் கிணத்துத் தண்ணி கடைசியா யாருக்கு வரும்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

கடைசி முறை என்னுடையது. மார்கழி, தையில் விதைக்கும் நவரைப் பட்டத்தில் கதிர் பால் பிடிக்கும் நேரம் கிணறு வற்றிவிடும். என் கழனியில் பாதி பதராகிவிடும். வீட்டுக்காரர் போன பிறகு எங்கள் வீட்டுச் சோறே அந்தக் கழனிதான். "தண்ணியக் கொறச்சி அதுவும் போச்சுன்னா புள்ளைங்களுக்கு இன்னா ஆக்கிப் போடுவேன்?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "போகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. ஆனா தெனமும் கேப்பேன். கேக்காம ஒரு நாளும் வுட மாட்டேன்" என்றார். அந்தப் பேச்சுக்குத்தான் நான் சரி என்றேன்.

சுற்றிலும் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை மண்ணுக்குள் பாதி இறக்கி நட்டார். மேலே மண் காய்ந்தாலும் உள்ளே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குழாய் காட்டும். குழாயின் உள்ளே போட்ட சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால்தான் மடையைத் திறக்க வேண்டும். கதிர் வெளிவந்து பூக்கும்போது மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு.

மண் மயிரிழையாக வெடிக்கத் தொடங்கியது. மடையைத் திறந்துவிடலாம் என்று மண்வெட்டியைக்கூட எடுத்துவிட்டேன். ஆனாலும் கோட்டைப் பார்த்துப் பொறுத்திருந்தேன். மேடம் வந்த ஒரு காலையில் கழனி தளும்பிக்கொண்டு நின்றது. குழாய் முழுகிக் கிடந்தது.

"யாரு தண்ணி வுட்டது?"

என் சின்னக் கொழுந்தனார் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வந்தார். "நான்தான் மேடம். என் முறையை வுட்டுக் குடுத்துட்டேன். அண்ணி பயிரு வெடிச்சிக் கெடக்குது, பாத்துக்கினு சும்மா இருக்கச் சொல்றீங்களா? ஊரு என்னைத்தான துப்பும்?"

பங்குக் கிணற்றில் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும். சண்டை போட்டுப் பேசாமல் இருந்தாலும் பங்காளி பயிரைக் காய விடமாட்டோம். மேடத்துக்குக் கோபம் வரும் என்று நான் பயந்தேன். அவர் வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"தப்பு எங்களுதுண்ணே. கெணறு மூணு பேருது. குழாயை மட்டும் ஒருத்தர் கழனியில நட்டுட்டோம்" என்றார்.

அடுத்த முறை வரும்போது மற்ற இரண்டு பங்குக்கும் குழாய் கொண்டுவந்தார். அவரவர் குழாயை அவரவர் பார்ப்பதில்லை. ஒருவர் குழாயை அடுத்த பங்குக்காரர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மூன்று வீடும் அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். என் குழாய் கொழுந்தனார் பொறுப்பு. "அண்ணி, இன்னும் கோடு வர்ல, ஜல்தி பண்ணாத" என்று என்னையே அதட்டுவார். அந்தப் பட்டத்தில் கிணற்றில் மிஞ்சிய தண்ணீர் கடைசி மடைவரை வந்தது. என் கழனிக் கதிர் பாரம் தாங்காமல் தலை சாய்ந்ததை வரப்பில் நின்று பார்த்தேன். மேடம் ஒரு கதிரை உருவி, ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு என்னிடமும் ஒன்றை நீட்டினார். நானும் கடித்தேன். உள்ளே முழு அரிசி.

அதன் பிறகுதான் இந்தக் குழு வந்தது, தினமும் குழாயைப் போட்டோ எடுத்துப் போடும் வழக்கமும் வந்தது. ஒரு நாள் கொழுந்தனார் வயலுக்குப் போகச் சோம்பல்பட்டுப் பழைய போட்டோவையே மறுபடி போட்டார். உடனே குழுவில் மேடத்தின் குரல் பதிவு வந்தது: "ஏண்ணே, நேத்து வெளிய வந்த கதிரு இன்னிக்கு வெயிலுக்கு பயந்து உள்ள பூந்துக்கிச்சா?" ஊரே சிரித்தது. கொழுந்தனார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கழனிக்கு ஓடினார்.

திண்டிவனத்தில் அவர் வீட்டுக்குத் துக்கத்துக்குப் போனபோது, அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியிலயும் போனை வெச்சிக்கினு உங்க கழனியதான் பாத்துக்கினு இருந்தாங்க ஆயா" என்றாள். உடம்பு முடியாதது நம்மில் ஒருவருக்கும் தெரியாது. கடைசி வாரம்கூட நம்மிடம் போட்டோதான் கேட்டார்.

செய்தி வந்ததிலிருந்து குழுவில் பூவும் மாலையும் மெழுகுவத்தியுமாக வருகின்றன. குழாய் ஒன்றுகூட வரவில்லை. "இனிமே யாரு கேக்கப் போறாங்க அண்ணி" என்றார் கொழுந்தனார். நேற்று எங்கள் கிணற்று மோட்டார் முறை இல்லாமல் பகல் முழுக்க ஓடியது. யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் என் கழனியில் கதிர் தலை காட்டத் தொடங்கிவிட்டது. இப்போது கிணறு வற்றினால் பழையபடி கடைசியில் இருப்பவர்களுக்குப் பதர்தான்.

மேடத்தின் படிப்பு எனக்கு வராது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தாரே, அதை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். இனிமேல் தினமும் நான் கேட்பேன். கொழுந்தனாரே, நாளைக் காலை என் குழாயில் தண்ணீர் எங்கே நிற்கிறதென்று பார்த்து ஒரு போட்டோ போடுங்கள். மற்றவர்களும் பங்காளி கழனிக்குப் போய் எடுத்துப் போடுங்கள். பழையது வேண்டாம். புதுசு.