சிவப்புப் பூ வந்தும் என்னை அனுப்பிய அம்மா

எங்கள் அம்மா கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பூனாகலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவரை நன்கறிந்த உங்கள் முன் சில வார்த்தைகள் எழுத உட்கார்ந்திருக்கிறேன். “அமைதியே உருவானவர்” என்று நினைவு மலர்களில் எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுதினால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மா பேசினால் மேல் லயம் வரை கேட்கும். தராசு முள் அசையாமல் நிற்கும்வரை அவரும் அங்கிருந்து அசையமாட்டார்.

நான் அவருக்கு ஒரே பிள்ளை. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடமே அப்பா நோய்வாய்ப்பட்டுக் காலமானார். அதன்பின் மழையோ பனியோ, விடிந்ததும் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு மலை ஏறி, அட்டைக்கடியோடு திரும்பி வந்துதான் என்னைப் படிக்க வைத்தார். “பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்பு?” என்று கேட்டவர்களிடம், “நாளைக்கு ஒனக்கு ஊசி போட ஆளு வேணாமா?” என்று திருப்பிக் கேட்டார். சொன்னபடியே நான் தாதியானேன். பண்டாரவளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது.

நாட்டில் எதற்கெடுத்தாலும் வரிசையில் நின்ற அந்தக் கஷ்ட காலத்தில், இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு என்னை அழைத்தார்கள். போக ஆசை, அம்மாவை விட்டுப் போகப் பயம். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, செய்தி கேட்டு அப்புத்தளையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

“தங்கச்சி, இருக்கிறது ஒத்தப் புள்ள. அதையும் அனுப்பிட்டு, நாளைக்கு ஒனக்கு ஒன்னுன்னா யாரு பார்ப்பா?”

என்னை வாட்டிய கேள்வியும் அதுதான். முடிவு தெரியாத காரியத்துக்கு எங்கள் மாரியம்மன் கோயிலில் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. அப்படிக் கேட்டுப் பார்க்கலாம் என்றார் மாமா; அவர் மனம் நோகக்கூடாது என்று அம்மாவும் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை பூசையில் பூசாரியின் பேத்தி எடுத்துக் கொடுத்ததைப் பிரித்தோம். சிவப்பு.

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு ஏமாற்றமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன. அம்மா மட்டும் பூவைக் கையில் வைத்தபடி அம்மனை நேருக்கு நேர் பார்த்தார். தராசடியில் பேசும் அதே குரலில் கேட்டார்.

“ஆத்தா, எங்க பாட்டன் பூட்டன் ஒன்னைய பிடிமண்ணா மடியில முடிஞ்சு கடல் தாண்டிக் கொண்டாந்தாங்க. நாங்களும் பொழைக்க வந்தவங்க, நீயும் எங்களோட வந்தவ. எம்மவ போறத மட்டும் வேணாங்கிறியே, இது ஞாயமா?”

பூசாரி பதறிப்போய், “அக்கா, சாமி குத்தமாயிரும்” என்றார்.

“குத்தம்னா ஆத்தா என்னைய கேக்கட்டும். நான் இங்கதானே இருக்கப்போறேன். புள்ள போகட்டும்.”

மாமா அம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்புத்தளை பஸ் ஏறினார். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா பொங்கல் வைத்து, “கோவிச்சுக்காத ஆத்தா” என்று அம்மனோடு சமாதானமும் ஆகிவிட்டார். சண்டை போட்ட வீட்டுக்கே மறுநாள் கறி கொடுத்தனுப்புகிறவர் அல்லவா! நான் புறப்பட்டேன். தொலைபேசியில் அம்மா அழுததில்லை. “அங்க நிறுக்கிறவன் ஒழுங்கா நிறுக்கிறானா?” என்றுதான் கேட்பார். ஒழுங்காகத்தான் நிறுக்கிறார்கள் என்பேன். எனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. அம்மா எடுத்த முடிவு சரி என்று இன்றும் சொல்வேன்.

கடந்த ஆண்டு அம்மாவுக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாளே போய்விட்டார். நான் வந்து சேர்ந்தபோது முகத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அந்த வலி எனக்கு ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும், இந்த ஓராண்டு நினைவுக்காக லீவில் வந்த நான் மாதக் கடைசியில் என் வேலைக்குத் திரும்புகிறேன்.

தங்கையின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, கடைசிவரை வாரம் தவறாமல் வந்து பார்த்துக்கொண்ட பெரிய மாமாவுக்கும், மழையில் மண்பாதை வழுக்க வழுக்க நெஞ்சுவலி வந்த அம்மாவை ரோடு வரை சுமந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், நான் வரும்வரை எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் விளக்கு அணையாமல் காத்த பெண்களுக்கும் கைகூப்புகிறேன். யார் பார்ப்பார் என்று பயந்தேன். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

பக்கத்துக் காம்பராச் சித்தி, ஆஸ்பத்திரியில் அம்மாவின் வாயில் கடைசித் தண்ணீரை விட்டவர் நீங்கள். அப்போது அம்மா உங்களிடம், “எம்மவ எங்க?” என்று கேட்டாராம். “வேலைக்குப் போயிருக்கா, அக்கா” என்றீர்களாம்.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டாராம்.