வராத உத்தரவு

சென்ற மாதம் ஒரு காலையில் நூலகத்தில் நாளிதழ்களைக் கோல்களில் செருகிக்கொண்டிருந்தபோதுதான் தெய்வநாயகி அம்மாள் காலமான செய்தி வந்தது. அவரோடு பணியாற்றிய நண்பர்களாகிய நீங்கள் அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னீர்கள். அவரைப் புகழ எனக்குத் தகுதியில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நம் கிளை நூலகத்தில் நான் இளம் நூலகர், அவர் என்னைவிட வயதில் மூத்த உதவியாளர். ஓரிக்கைப் பக்கத்துச் சேரியிலிருந்து யாரும் நூலகத்துக்கு வருவதில்லை. வந்தாலும் வாசலோடு நின்றுவிடுவார்கள். "அவங்க வரலேன்னா நாம போவோம் சார்" என்றார் அவர். வார விடுமுறை நாளில் இரண்டு பை நிறையப் புத்தகங்களோடு நடந்தே போவார். படிக்கத் தெரியாத பெண்களுக்கு வாசித்துக் காட்டுவார். ஒருமுறை மஞ்சள் கறையோடு திரும்பி வந்த புத்தகத்தைக் காட்டி நான் கடிந்துகொண்டேன். "அடுப்பங்கரை வரைக்கும் போயிருக்குது சார். சந்தோஷப்படுங்க" என்று சிரித்தார்.

ஊர்ப் பெரியவர்கள் நால்வர் என்னிடம் வந்தார்கள். சேரிக்குப் போய்வந்த புத்தகத்தைத் தங்கள் வீட்டுக்குள் எப்படி எடுத்துப்போவது என்று கேட்டார்கள். அவர்கள் கேட்பது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் தெய்வநாயகியிடம், "மேலிடத்து உத்தரவும்மா. இனிமே வெளியே கொண்டுபோகக் கூடாது" என்றேன்.

அப்படி ஓர் உத்தரவே வரவில்லை. வரும் தபாலையெல்லாம் பிரித்துப் பதிவு செய்பவரே அவர்தான். அது அந்த நொடியில் எனக்கு நினைவில்லை. அவர் மேசைமேல் இருந்த தபால் பதிவேட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரிங்க சார்" என்றார். அதன்பின் ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இறுதிச் சடங்கு நடந்த வீட்டில் அஞ்சலை என்ற பெண் என்னிடம் வந்தாள். சேரியில் அவரிடம் கதை கேட்டவள்.

"ஆர்டர் வந்துட்டுதுன்னு அக்கா சொல்லிச்சு. சார் மேலிடத்துக்கு எவ்வளவோ எழுதிப் பார்த்தாரு, அவரைத் தப்பா நினைக்காதீங்கன்னு சொல்லிச்சு சார்."

"ஆர்டர் எதுவும் வரலைம்மா. நான்தான் நிறுத்தினேன். அவங்களுக்கும் அது தெரியும்" என்றேன்.

"அப்போ தடை ஒண்ணும் இல்லையே சார்? எங்க பொண்ணுங்க இப்ப படிச்சிக்கினு இருக்குதுங்க. புஸ்தகம் அனுப்புங்க" என்றாள் அஞ்சலை.

சென்ற வார விடுமுறையில் பைகளோடு நானே போனேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. தெய்வநாயகியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் நடந்த பாதை ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதில் தலை நிமிர்ந்து நடக்க இன்னும் எனக்கு வரவில்லை.