மூன்றாவது விசிலுக்கு எரிந்த லைட்

சாயங்காலம் கிழக்கேகோட்டை சிக்னலில் பஸ் நகரவே இல்லை.

பக்கத்து சீட்காரர் மடியில் ஒரு சர்க்யூட் போர்டு, பவர் பேங்கோடு. ஜன்னலோரம் அவர் மனைவி.

ஆபீஸில் நாள் முழுக்க அதே போர்டோடு மல்லுக்கட்டுகிறவன் நான். வாய் சும்மா இருக்குமா?

"வைஃபை, ப்ளூடூத் எல்லாம் உள்ள போர்டாச்சே. என்ன செய்றீங்க?"

"அதொண்ணும் வேண்டாம் சாரே. இதுல உள்ள மைக்கும் இந்தக் குட்டி லைட்டும் போதும்."

சாலை பஜாரில் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாராம். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மனைவிக்குக் காது கேட்பதில்லை.

"குக்கர் வச்சா அடுப்ப விட்டு அசைய மாட்டா, பாத்துக்கிடுங்க. இது விசிலை எண்ணும். மூணு ஆனா லைட் எரியும். அவ ஹால்ல உக்காந்து காய் நறுக்கலாம்லா."

"ஹாரன் சத்தத்தையும் எண்ணிடாதா?"

"அதைத்தான் பாக்குதேன்."

சுற்றிலும் ஹாரன்கள் அலறின. லைட் எரியவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

அப்போது டிராஃபிக் போலீஸ்காரர் விசில் ஊதினார். மறுபடி ஊதினார். மூன்றாவது முறையும் ஊதினார்.

லைட் பளிச்சென்று எரிந்தது.

அவர் முகம் சுருங்கிவிட்டது. புரோகிராமில் எதை மாற்றினால் சரியாகும் என்று நான் சொல்லத் தொடங்கினேன்.

மனைவி லைட்டைப் பார்த்தார். கையை நீட்டி, இல்லாத அடுப்பைத் திருகி அணைத்தார். பிறகு கணவரைப் பார்த்து ஒரே சிரிப்பு.

ஆக, போலீஸ்காரர் உபயத்தில் இன்று கிழக்கேகோட்டையில் சாதம் வெந்தது.

உங்கள் வீட்டில் எத்தனை விசில்? எங்கள் வீட்டில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.