சனிக்கிழமைத் தேநீரும் அக்காவின் கூடைகளும்

எங்கள் அக்காவை இறைவன் தம்மிடம் அழைத்துக்கொண்டு ஓராண்டு ஆகிறது. அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்கான திருப்பலியில் எங்களோடு சேர்ந்து மன்றாட வந்திருக்கும் உங்கள் கைகளில் இச்சிறு நினைவு மலரைத் தருகிறோம்.

குளுவாங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டி ரப்பர்பால் எடுக்கும் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. அப்பா இளம் வயதிலேயே காலமானதால் படிப்பை விட்டு, தம்போயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னையும் தங்கையையும் ஆளாக்கினார். தங்கையின் திருமணம் முடிந்ததும் அம்மா அக்காவின் கல்யாணப் பேச்சை எடுத்தார். "விடுங்கம்மா, எனக்கு இப்படியே பழகிப்போச்சு" என்றார் அக்கா. அதன்பின் அந்தப் பேச்சை எடுக்க யாரையும் அவர் விடவில்லை.

அவர் ஓய்வு பெற்ற ஆண்டில், பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி தனிமையில் இறந்துபோனார். மழையில் நனைந்த துணிகள் எடுக்கப்படாமல் கொடியிலேயே கிடப்பதைக் கண்டு அக்காதான் போலீசுக்குச் சொன்னார். சிங்கப்பூரிலிருந்து ஓடிவந்த மகன், வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்து, "கடைசியா அம்மாகிட்ட யாரு பேசினீங்க?" என்று மலாயில் கேட்டார். அன்று மாலை அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நடுவுல ஒரே சுவருதான்டா. அந்த அம்மா பேரு என்னன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லி அழுதார். அப்பாவின் சாவிலும் எங்கள் முன் கண்ணீர் விடாதவர் அவர்.

அடுத்த சனிக்கிழமையே வாசலில் மடக்கு மேசை ஒன்றைப் போட்டார். பெயின்ட் டின்களில் தாம் வளர்த்த செரை என்னும் எலுமிச்சைப்புல், மணம் தரும் பாண்டான் இலை, துளசி மூன்றையும் கொதிக்கவைத்து, தெருவில் போவோர் வருவோரையெல்லாம் அழைத்தார். விற்கிறார் என்று நினைத்துச் சிலர் விலை கேட்டார்கள். மற்றவர்கள் நின்றபடியே குடித்துவிட்டு, நன்றி சொல்லி நகர்ந்தார்கள்.

"குடிச்சிட்டு ஓடிடறாங்க தம்பி. கையில ஒரு வேலை இருந்தாத்தான் உட்காருவாங்க போல" என்றார் அக்கா.

தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடாவில் கூடை பின்ன அவருக்குத் தெரியும். உடன் வேலை செய்தவர்களிடம் மிச்ச நாடாக்களைக் கேட்டு வாங்கி வந்து மேசையில் பரப்பினார். எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா காக் ரொஹானி (காக் என்றால் மலாயில் அக்கா) முதலில் வந்து உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மலாய்க்காரரும் சீனரும்கூட அவரை 'அக்கா' என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.

காக் ரொஹானிக்கும் மூலை வீட்டுச் சீனரான அங்கிள் டானுக்கும் கார் நிறுத்துவதில் வந்த சண்டை பல காலமாகத் தீராமல் இருந்தது. ஒரு சனிக்கிழமை, அடி பின்னி முடித்த கூடையின் பக்கங்களைக் காக் ரொஹானி மடித்து நிமிர்த்த முயன்றபோது நாடாக்கள் பிரிந்துகொண்டே இருந்தன. அந்நேரம் தேநீருக்கு வந்த அங்கிள் டானை அக்கா விடவில்லை. "அங்கிள், இந்த மூலையக் கொஞ்சம் புடிங்க லா. எனக்கு ரெண்டு கைதானே இருக்கு" என்றார். அவர் தயங்கித் தயங்கிப் பிடித்தார். அன்று இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் கூடை முடியும்வரை அங்கிள் டான் எழுந்து போகவுமில்லை. சில வாரங்களில், அவருக்கு வழிவிடக் காக் ரொஹானி தம் காரைத் தாமாகவே நகர்த்தினாராம். அதை எனக்குச் சொல்லும்போது அக்காவின் குரலில் இருந்த மகிழ்ச்சி இன்னும் என் காதில் இருக்கிறது.

பின்னர் ஒரு காலையில் அக்கா பக்கவாதத்தால் குளியலறையில் விழுந்துவிட்டார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அவர் வெளியே வராததைக் கண்டு காக் ரொஹானி வந்து கூப்பிட்டார். பதில் இல்லை. அங்கிள் டான் கதவை உடைத்தார். அவர்களால் அக்கா மேலும் பல மாதங்கள் எங்களோடு இருந்தார். வலது கை செயலிழந்தபின், காக் ரொஹானி தேநீர் வைக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்து அக்கா ருசி பார்ப்பார். வாய் குழறினாலும், "செரை பத்தல" என்று குறை சொல்லத் தவறியதில்லை. இறுதியில் நோயில் பூசுதல் என்னும் அருளடையாளத்தைப் பெற்று, தங்கையின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார்.

நல்லடக்கம் முடிந்த வாரம், வீட்டைக் காலி செய்ய, நான் வசிக்கும் பொந்தியானிலிருந்து சென்றிருந்தேன். மாலையில் அக்கம்பக்கத்தார் வாசலில் வந்து தயங்கி நின்றார்கள். அன்று சனிக்கிழமை என்பதே எனக்கு நினைவில்லை. "தம்பி, இன்னிக்கு நீதான் போடணும்" என்றார் காக் ரொஹானி. இலைகளை அளவு தெரியாமல் போட்டுக் கொதிக்கவைத்தேன். ஒரு வாய் குடித்த அங்கிள் டான், "கசக்குது லா" என்றார். பிறகு கோப்பையைக் காலி செய்து, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி நீட்டினார்.

அக்காவைத் தரையிலிருந்து தூக்கியவர்களுக்கும், கவனித்த தாதியருக்கும், மன்றாடிய பங்குத்தந்தைக்கும், சவப்பெட்டியைச் சுமந்த எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் வீட்டை நாங்கள் விற்கவில்லை. சாவி காக் ரொஹானியிடம் இருக்கிறது. சனிக்கிழமை மாலை தம்போய்ப் பக்கம் வந்தால், சற்று உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

குடும்பத்தார் சார்பில்,
அக்காவின் தம்பி