தொப்பிக்குக் கீழே நெற்றி

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகளுக்குத் தானாக மூச்சுவிடத் தெம்பில்லை. அடையாறில் ஒரு மருத்துவமனையில், தொண்டைக்குள் குழாய் இறக்காமல், மூக்கில் மட்டும் இரண்டு சின்னக் குழல்களைப் பொருத்திக் காற்று கொடுத்தார்கள். அந்தக் குழல்களோடு இணைந்த குழாயின் மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் இருக்கும். காற்று சரியாகப் போகிறவரை தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும்.

"பாட்டில்ல சத்தம் வந்துக்கினே இருந்தா கொயந்தை நல்லா கீதுன்னு அர்த்தம்மா. நின்னா உடனே கூப்டு," என்று முதல் நாளே ஆயாம்மா சொல்லிவிட்டார். எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் ஒன்பது நாள் அந்தக் களகளப்பைக் கேட்டுப் பாருங்கள். சோறு இறங்காது. குளிக்கும்போதுகூட காதில் அதுதான். சனியன் பிடித்த சத்தம் என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

பத்தாம் நாள் காலையில் என் கணவர் தி.நகர் கடையைத் திறக்காமல் நேரே வடபழனிக்குப் போய் முருகன் கோவில் திருநீறு வாங்கி வந்தார். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. "நெத்தியில லேசா பூசிரு, போதும்," என்று காகித மடிப்பை என் கையில் திணித்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டார். வெளிப்பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது என்று எழுதியே ஒட்டியிருந்தார்கள். நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். படித்தவள் என்று பெயர் வேறு.

குழல்கள் நகராமல் இருக்கக் குழந்தைக்குப் புருவம் வரை இறுக்கமான தொப்பி. நெற்றியே தெரியவில்லை. நர்ஸ் பக்கத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பியை ஒரு விரற்கடை மேலே தள்ளிப் பூசினேன். மூக்கிலிருந்த குழலும் கூடவே நழுவியது.

சத்தம் நின்றது.

நான் யாரையும் கூப்பிடவில்லை. அப்பாடா என்றிருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பெற்ற பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, என் காது சுகம் காண்கிறது. உதடு நீலம் பாரித்து, மானிட்டர் கத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. நர்ஸ் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டுக் குழலைப் பொருத்தினாள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

மகளுக்கு இப்போது ஏழு வயது. திருநீறுதான் காப்பாற்றியது என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். பள்ளி விட்டு வந்து அவள் சத்தமில்லாமல் படம் வரைந்தால் போதும், கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மூக்கருகே விரல் வைப்பேன். "போம்மா," என்று சிணுங்குவாள்.

போன வாரம் நான் அப்படி ஓடியதைக் கணவர் பார்த்துவிட்டார். இனி முடியாது என்று எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். தொப்பியைத் தள்ளியது, குழல் நழுவியது, நான் சும்மா நின்றது, எல்லாவற்றையும்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும்," என்றார். "கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். குமிழி நின்னதும் தெரிஞ்சுது. கதவைத் தட்டியிருக்கலாம். நீ பூசி முடிக்கட்டும்னு நின்னுட்டேன்."